கடலையா பிஸ்கட்டா, ரோல்-ஆனா ஸ்ப்ரேயா: கேட்டதும் சொன்னதும்

மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். விடிகாலையில் சைக்கிள் ஓட்டிவிட்டுத்தான் கடை திறப்பேன். நாள் முழுக்க அலைகிறவர்கள் பையில் வைக்கும் நொறுக்குத்தீனி பற்றியும் டியோ பற்றியும் எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்து குவிந்துவிட்டன. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் நக்கலடித்திருந்தார். வெந்தயக் கேள்விக்கு வரும்போது தெரியும்.

அண்ணே, நான் சாப்பாடு டெலிவரி பண்றேன். மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை மூச்சுவிட நேரமில்லை, டீயும் பிஸ்கட்டும்தான். வெயிலில் கெடாத மாதிரி பையில் என்ன வைக்கலாம்?

ஊருக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நீங்கள் பட்டினி, என்ன தம்பி இது. வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம், ஏறக்குறைய 170 கலோரியும் ஏழெட்டு கிராம் புரதமும் தரும், ரெண்டு மணி நேரம் வயிறு கேட்காது. சுண்டல் நல்லதுதான், ஆனால் தேங்காய் போட்டதை மூடி வண்டிப் பெட்டியில் வைத்தால் மதியத்துக்குள் ஊசிப்போகும். வாழைப்பழமும் பெட்டியில் நசுங்கிக் கூழாகிவிடும், அதை டீக்கடையில் தொங்கும் தாரிலிருந்து அப்போதைக்கப்போது வாங்கிக்கொள்ளலாம். கடலை மிட்டாய் ஒன்று போதும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கொடுத்தார்கள், பெருமைதான், இருந்தாலும் அதில் இருப்பது வெல்லப்பாகு, வெல்லமும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும்.

நீங்கள் கேட்காத ஒன்று: டீ. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு கிராமுக்குக் குறையாது. நாலு டீ குடித்தால் 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. மாஸ்டரிடம் சர்க்கரை கம்மி என்று சொல்லிப் பழகுங்கள்.

டைஜஸ்டிவ், ஓட்ஸ், மல்டிகிரெயின் என்று போட்ட பிஸ்கட்டெல்லாம் உண்மையிலேயே நல்லதா சார்?

பாக்கெட்டைத் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் போட வேண்டும், அது சட்டம். முதல் மூன்றில் மைதா, பாமாயில், சர்க்கரை இருந்தால் அது பிஸ்கட். ஓட்ஸ் எத்தனை சதவீதம் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

புரோட்டீன் பார்?

அவசரத்துக்குச் சரி. சிலதில் இனிப்புக்கு மால்டிடால் போடுகிறார்கள், அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு பொருமும், கூட்டத்தில் சங்கடம். மூன்று அவித்த முட்டையில் 18 கிராம் புரதம் இருக்கிறது, விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காலையில் ரெண்டு தடவை டியோ அடிக்கிறேன், பத்து மணிக்கே வாடை. பிராண்டை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. என்னதான் பண்ணுவது?

பிராண்டில் கோளாறு இல்லை. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு ஏறக்குறைய வாடையே கிடையாது. உடம்பு முழுக்க இருக்கும் சுரப்பிகள் தண்ணீரும் உப்பும்தான் விடுகின்றன, அக்குளில் இன்னொரு வகைச் சுரப்பி கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்து விடும், அங்கே குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று உடைக்கும்போதுதான் நாறுகிறது. நீங்கள் அடிக்கும் பாடி ஸ்ப்ரே அந்த வாடைக்கு மேலே ஒரு மணத்தைப் போர்த்துகிறது, வியர்வையை நிறுத்தாது. நிறுத்த வேண்டுமென்றால் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும், பின்பக்கம் அலுமினியம் குளோரோஹைட்ரேட் மாதிரி ஏதாவது ஓர் அலுமினிய உப்பு இருக்கும். அது வியர்வை நாளத்தின் வாயில் தற்காலிகமாக ஓர் அடைப்பு மாதிரி உட்காரும்.

இதில்தான் முக்கால்வாசிப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள். குளித்து ஈரம் காயாமல், பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் தடவினால் அது உட்காருவதற்குள் வியர்வை கழுவிவிடும். ராத்திரி படுக்கப்போகும் முன் அக்குளைக் கழுவி, நன்றாகத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ரெண்டு நிமிஷம் நின்று காயவிட்டு, அப்புறம் தடவுங்கள். தூக்கத்தில் வியர்வை குறைவு, மருந்து பிடிக்க நேரம் கிடைக்கும், காலையில் குளித்தாலும் போகாது. ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள்.

இன்னொன்று, சட்டை. பாலியெஸ்டர் ஜெர்சி வாடையைப் பருத்தியைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். துவைத்துக் காய்ந்தபின் மணக்கிற மாதிரிதான் இருக்கும், போட்டு உடம்புச் சூடு பட்டதும் பழைய வாடை எழுந்து வரும். ஆடி முடித்த ஜெர்சியைப் பைக்குள் சுருட்டி மறுநாள் வரை வைக்காதீர்கள், அன்றே அலசுங்கள்.

வெள்ளைச் சட்டையில் அக்குள் மஞ்சளாகிறதே அண்ணே?

அந்த அலுமினியமும் வியர்வையும் சேர்ந்த கறைதான். ராத்திரி தடவினால் இதுவும் குறையும்.

அலுமினியம் என்றால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, பயமாக இருக்கிறது.

மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பல வருஷமாகச் சுற்றும் செய்தி, இதுவரை உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். அமெரிக்காவில் இந்த எச்சரிக்கையை லேபிளிலேயே போடுகிறார்கள்.

கெமிக்கல் வேண்டாம், இயற்கையாக ஏதாவது? எலுமிச்சையும் ஆப்பச் சோடாவும் என்கிறார்களே.

என்னிடமா கேட்கிறீர்கள்! மருந்துக்கடைக்காரன் நானே ஒரு வீடியோவைப் பார்த்து ஆப்பச் சோடாவைக் குழைத்து மூன்று நாள் தடவினேன். நாலாம் நாள் தோல் சிவந்து, கையை உடம்போடு ஒட்ட முடியாமல் கோழி மாதிரி விரித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோடா காரம், எரியாமல் என்ன செய்யும். சலூனில் ஷேவ் பண்ணிவிட்டுத் தேய்ப்பார்களே அந்தப் படிகாரக்கல், அது தேவலை. நனைத்து நாலு தேய் தேய்த்தால் வாடை மட்டுப்படும். ஆனால் படிகாரமும் அலுமினிய உப்புதான், அலுமினியத்துக்குப் பயந்து அதற்கு மாறுவதில் அர்த்தமில்லை.

எனக்குச் சர்க்கரை. ரெண்டு மாதமாக ஊறவைத்த வெந்தயம் சாப்பிடுகிறேன். வியர்வை வேறு மாதிரி மணக்கிறது, பாகு காய்ச்சின மாதிரி. என்ன நோய் தம்பி?

நோய் இல்லைம்மா, வெந்தயம்தான். அதில் இருக்கும் சோட்டலோன் என்ற பொருள் சிறுநீரிலும் வியர்வையிலும் அப்படியே வெளியேறும். ரெண்டு மூன்று நாள் நிறுத்திப் பாருங்கள், போய்விடும். போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பூண்டும் இப்படித்தான், அதன் கந்தகம் மூச்சிலும் தோலிலும் வரும். சம்பந்தம் கேட்டவருக்கு இதுதான் பதில்.

பேட்மிண்டன் ஆடிவிட்டு டப்பாவில் வரும் ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா?

வயிற்றுப்போக்கில் உப்பும் நீரும் இழந்தவர்களுக்கான மருந்து ஓ.ஆர்.எஸ். அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த உப்பு, சர்க்கரை அளவுக்குப் பொருந்தாத சர்க்கரைப் பானங்களும் அந்தப் பெயரில் விற்றன, 2025 அக்டோபரில் அவற்றுக்கு அந்தப் பெயர் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்தியது. ஒரு மணி நேர ஆட்டத்துக்குத் தண்ணீர் போதும். நனைந்து சொட்டச் சொட்ட ஆடினால் உப்புப் போட்ட நீர்மோர். இளநீரில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் நாம் அதிகம் இழக்கும் சோடியம் கம்மி.

ஆண்களுக்கான ரோல்-ஆனைப் பெண்கள் போடலாமா அண்ணா? வீட்டில் அதுதான் இருக்கிறது.

தாராளமாக. வாசனைதான் வேறு. ஆனால் ஒரே ரோல்-ஆனை ரெண்டு பேர் உருட்டாதீர்கள், தனித்தனியாக வாங்குங்கள்.