மகள் வெட்டிய வரிசை

அன்புள்ள சாருக்கு,

குலசேகரம் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் 28 வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறேன். எம்.காம். முடித்த மகள், அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இரண்டு வருடமாக என்னோடு வெட்டுக்கு வருகிறாள். 300 மரத்தில் பாதி அவளுக்கு. போன வாரம் அவளுக்குத் தெரியாமல் பகலில் போய் அவள் வெட்டிய வரிசையைப் பார்த்தேன். ஒரு மரத்தில்கூடக் காயம் இல்லை. மனசு நிறைந்துவிட்டது. திரும்பும் வழியில் ஒருவர், ‘படிக்க வைத்துவிட்டுக் கத்தியைத்தானே கொடுத்தாய்’ என்றார். அன்றிலிருந்து, சந்தோஷப்பட்டதே தப்போ என்று இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள அண்ணனுக்கு,

தப்பே இல்லை.

‘காயம் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வெட்டு தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்வாகக் கத்தியை இழுக்கும்போது, சீவி எடுப்பது ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான். பால் அதிகம் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பக்கம், தடியை ஒட்டி இருக்கின்றன. ஆழம் போதாவிட்டால் பால் குறையும். மயிரிழை கூடினால் தடியில் படும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் திரும்ப வளரும். சில வருடம் கழித்து அதே பட்டையில் வெட்ட வருகிறவர், முன்னால் வெட்டிய கை எப்படிப்பட்டது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். இவ்வளவையும் விடியுமுன், தலையில் கட்டிய லைட் வெளிச்சத்தில், கொசுக்கடியில் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் இறங்கி, சிரட்டையில் விழும் பால் குறைந்துவிடும். அதனால் நின்று நிதானிக்கவும் நேரம் கிடையாது.

அந்த அவசரத்தில் 150 மரம், ஒரு காயம் இல்லை. மகள் என்பதற்காக நீங்கள் மார்க் போடவில்லை, கூட வேலை செய்கிற ஆளின் கையைப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள். எம்.காம். தேறியபோது வந்த சந்தோஷம் வேறு. அந்தப் பாடம் நமக்குத் தெரியாது, மற்றவர்கள் சொன்னதை நம்பினோம். இது உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த வேலை.

எங்கள் அப்பா மார்த்தாண்டத்தில் சின்ன அச்சகம் நடத்தினார். ஈய எழுத்து கோக்கிற காலம். கல்யாணப் பத்திரிகையில் ஓர் எழுத்து பிசகினாலும் அத்தனை தாளும் வீண். அதனால் நான் கோத்ததை ஒவ்வொரு முறையும் புரூஃப் எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பார். எனக்கு 23 வயதில் ஒரு நாள் புரூஃபை நீட்டினேன். கை மையைத் துடைத்துக்கொண்டே, “நீ பாத்தாச்சுல்லா மக்களே? அப்போ ஓட்டு” என்றார். தாளை வாங்கக்கூட இல்லை. அன்று மெஷின் ஓடிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஆனாலும், வாயால் ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்ற ஏக்கம் போகவே இல்லை.

சரி, வழியில் கேட்டவர் விஷயம். தேர்வு பற்றிய கவலை அவருக்கு இருந்தால் அதில் நியாயம் உண்டு. தேர்வு நெருங்கும் மாதத்தில் மகளைப் படிக்க விட்டுவிட்டு, அவள் பாதிக்கு ஆள் விடுங்கள். ஆனால் கத்தியைக் கொடுத்ததே குறை என்று அவர் நினைத்தால், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மரத்துக்கு இவ்வளவு என்றுதானே கூலி? அவளுடைய 150 மரத்துக் கூலி அவள் கைக்குப் போகிறதா? நம் வீடுகளில் பிள்ளைகள் பாடுபடுவது வீட்டுச் செலவோடு கரைந்துவிடும், பெண்பிள்ளை என்றால் யாரும் கணக்குக்கூடப் பார்ப்பதில்லை. எண்ணி அவள் கையில் கொடுங்கள்.

மழை விட்ட ஒரு பகலில் அவளையும் கூட்டிக்கொண்டு அந்த வரிசைக்குப் போங்கள். நீங்கள் அன்று நின்று பார்த்த மரத்தடியிலேயே நின்று, பட்டையைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.