வீட்டில் கிதாரை எடை போட எந்தத் தராசு சரி?

கேள்வி: எலக்ட்ரிக் கிதாரின் எடையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின் போதுமா?

போதாது. நீங்கள் கிதாரோடு ஏறி, பிறகு வெறுங்கையோடு ஏறிக் கழித்துப் பார்க்கும்போது இரண்டு அளவுகளின் பிழையும் சேர்ந்துகொள்ளும். அந்த மெஷின்கள் பெரும்பாலும் 100 கிராம் படியில்தான் காட்டும். 70 கிலோ ஆளுக்கு அது பெரிதல்ல. ஆனால் பிரபலமான எலக்ட்ரிக் கிதார் மாடல்களில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் சுமார் மூன்றரை கிலோ, லெஸ் பால் நாலு கிலோ அல்லது சற்று மேலே. தோளில் மாட்டி இரண்டு மணி நேரம் வாசிப்பவருக்கு அரை கிலோ வித்தியாசம் நன்றாகவே உறைக்கும்.

என் ஓட்டு, விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசுக்கு. 10 கிராம் படியில் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் ஸ்ட்ராப்பை (கிதாரைத் தோளில் மாட்டும் பட்டை) மட்டும் கொக்கியில் மாட்டி, தராசைப் பூஜ்யமாக்குங்கள். தோல் ஸ்ட்ராப் என்றால் அதன் கனமே கணக்கைக் கெடுத்துவிடும். அப்புறம் அதே ஸ்ட்ராப்பில் கிதாரைத் தொங்கவிடுங்கள். மெத்தைக்கு மேலே செய்யுங்கள், கை நழுவினாலும் பிழைத்துக்கொள்ளும்! ஆட்டம் நின்ற பிறகே எண்ணைப் படியுங்கள்.

சமையலறைத் தராசு இதைவிடத் துல்லியம்தான். ஆனால் பல மாடல்கள் 5 கிலோவோடு நின்றுவிடும், கனமான பேஸ் கிதாருக்கு அது இழுபறி. கிதார் திரையை மறைத்தால் மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளலாம்.

தராசு மேல் சந்தேகமா? காலி பாட்டிலைத் தொங்கவிட்டுப் பூஜ்யமாக்கி, ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். ஏறத்தாழ ஒரு கிலோ காட்ட வேண்டும்.