டெர்மினலில் மெனுவாக ஓடும் நிரலை வைத்து சிடியை நகலெடுப்பது, எழுதுவது எப்படி?

கேட்டவரின் நிலைமை இது: லினக்ஸ் ஓடும் பழைய கணினி, டெஸ்க்டாப் கிடையாது, டெர்மினல் மட்டும்தான். ஒரே ஒரு சிடி ரைட்டர். பேஷ்பர்ன் மாதிரி, எண்ணைத் தட்டித் தேர்ந்தெடுக்கும் நிரல் ஒன்றை நிறுவியாயிற்று. பாட்டு சிடிகள் சிலவற்றையும் கோப்புகள் உள்ள சிடிகள் சிலவற்றையும் நகலெடுக்க வேண்டும். திறந்தால் ஆடியோ, டேட்டா, ஐஎஸ்ஓ, மல்டிசெஷன் என்று மெனுவுக்குள் மெனுவாகப் போகிறது. எதை அழுத்துவது?

மெனுவைத் திறப்பதற்கு முன்னால் அந்த சிடியில் இருப்பது பாட்டா, கோப்பா, இரண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது தெரிந்துவிட்டால் பாதி மெனு உங்களுக்குத் தேவையில்லை என்பது தெரிந்துவிடும். தெரியாமல் நகலெடு என்பதை அழுத்தினால், பாட்டு சிடியை ஐஎஸ்ஓ (கோப்பு சிடி முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கும் வடிவம்) ஆக்கச் சொல்லிவிட்டு, நிரல் ஏன் திட்டுகிறது என்று முழிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இந்த மெனு நிரல்கள் தாமாக எதையும் எழுதுவதில்லை. பேஷ்பர்ன் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது மற்ற நிரல்களை அழைத்து வேலை வாங்கும் கட்டளைக் கோப்பு. எழுதும் வேலையை சிடிரெக்கார்ட் அல்லது வோடிம் செய்கிறது. கோப்புகளைச் சேர்த்து ஐஎஸ்ஓ ஆக்குவது எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் அல்லது ஜெனைசோஇமேஜ். பாட்டைப் படிப்பது சிடிபேரனோயா, முழு சிடியை அப்படியே எடுப்பது சிடிஆர்டிஏஓ. சிடிரெக்கார்டை எழுதியவர் யோர்க் ஷில்லிங். உரிமத் தகராறில் 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்குபவர்கள் தனியாகப் பிரித்துக்கொண்டு போனதில் பிறந்ததுதான் வோடிம். இந்தக் கதை எதற்கு என்றால், திரையில் வரும் பிழைச்செய்தி பெரும்பாலும் மெனுவுடையது அல்ல, பின்னால் ஓடும் இவற்றுடையது. தேடும்போது பேஷ்பர்ன் பெயரைப் போட்டுத் தேடாமல், செய்தியில் உள்ள நிரலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இந்தத் துணை நிரல்கள் எல்லாம் கணினியில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல பேஷ்பர்ன் மெனுவிலேயே ஒரு வரி உண்டு. முதல் தடவை அதைத்தான் அழுத்த வேண்டும்.

அடுத்து அமைப்பு மெனு. மூன்று விஷயம் சரியாக இருந்தால் போதும். ஒன்று, ட்ரைவின் பெயர். இன்றைய லினக்ஸில் பெரும்பாலும் எஸ்ஆர்0. உங்கள் பயனர் கணக்கு, ட்ரைவைப் பயன்படுத்த அனுமதி உள்ள சிடிராம் குழுவில் இல்லாவிட்டால், பெயர் சரியாக இருந்தும் அனுமதி இல்லை என்று வரும். இரண்டு, தற்காலிக அடைவு. சில லினக்ஸ் வகைகளில் டெம்ப் அடைவு வன்தட்டில் இல்லாமல் நினைவகத்திலேயே இருக்கும். பழைய கணினியில் அங்கே 700 எம்பி போட்டால் மூச்சு திணறிவிடும். வீட்டு அடைவுக்குள் ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதைக் கொடுங்கள். மூன்று, வேகம். ரைட்டரில் 52 என்று போட்டிருந்தாலும் அந்த வேகம் தட்டின் வெளிவிளிம்புக்குப் போகும்போதுதான் கிடைக்கும். ஒன்றாம் வேகத்தில் 80 நிமிட சிடியை எழுத 80 நிமிடம் ஆகும். 16-இல் எழுதினால் ஐந்து நிமிடமும் முடித்துவைக்கும் நேரமும். அதற்கு மேல் ஏற்றி மிச்சமாகும் ஓரிரு நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? நான் 16-ஐத் தாண்டுவதில்லை.

சரி, கோப்பு சிடி. இது சுலபம். ஐஎஸ்ஓ மெனுவில் சிடியிலிருந்து இமேஜ் எடுக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் முழு சிடியும் ஒரே கோப்பாக வன்தட்டுக்கு வந்துவிடும். தட்டை மாற்றி, அந்த இமேஜை எழுதச் சொல்ல வேண்டும். ஒரே ட்ரைவ் இருப்பது குறையே இல்லை. இரண்டு ட்ரைவ் இருந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேராக எழுதாமல் இமேஜ் வழியாகப் போவதையே நான் சொல்வேன். மூல சிடியில் கீறல் இருந்தால் அது படிக்கும்போதே தெரிந்துவிடும், வெற்று சிடி வீணாகாது. இமேஜை மவுன்ட் செய்து (ஒரு அடைவைப் போலத் திறந்து) உள்ளே கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று எட்டிப் பார்த்த பிறகு எழுதலாம்.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் (ஒவ்வொரு டிராக்காக, அதாவது பகுதியாக, நிறுத்தி நிறுத்தி எழுதுவது) எழுதிய கோப்பு சிடியை அப்படியே இமேஜாக எடுத்தால், முடிவில் ஒரு படிப்புப் பிழை வரும். சிடி கெட்டுப்போகவில்லை. அந்த முறையில் எழுதும்போது டிராக்கின் முடிவில் இரண்டு செக்டர் (தட்டில் தரவை எழுதும் சிறு துண்டு) படிக்க முடியாதவையாக விழும். ட்ரைவ் அவற்றையும் டிராக்கின் நீளத்தில் சேர்த்துச் சொல்லும். உண்மையான கோப்பு அமைப்பு அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஆகவே எழுதிய சிடியை எம்டி5 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டுச் சரிபார்க்கும்போது முழுத் தட்டையும் படிக்காமல், ஐஎஸ்ஓ கோப்பின் அளவுக்கு மட்டும் படித்து ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் சிடியைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

பாட்டு சிடிதான் வேறு உலகம். அதில் கோப்பே கிடையாது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த ஆடியோ சிடி முறையில், நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல் என்று ஒலி நேராகத் தட்டில் ஓடுகிறது. அதை நொடிக்கு 75 செக்டர்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு ஒலி செக்டர் 2,352 பைட். அதே இடத்தில் கோப்பை எழுதினால் 2,048 பைட்தான் நமக்கு. மீதி, செக்டரின் முகவரிக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் போய்விடும். 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டர். 2,048-ஆல் பெருக்கினால் நமக்குத் தெரிந்த 700 எம்பி, 2,352-ஆல் பெருக்கினால் 800 எம்பிக்கு மேல். 800 எம்பிக்கு வேவ் கோப்புகள் (சுருக்காத ஒலிக் கோப்புகள்) சேர்ந்துவிட்டன, இது 700 எம்பி சிடியில் அடங்குமா என்று பயப்பட வேண்டாம். ஆடியோ சிடிக்கு எம்பி கணக்கே வேண்டாம், நிமிடத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஒலி செக்டரில் கோப்பு செக்டரைப் போலத் துல்லியமான முகவரி இல்லாததால், படிக்கும்போது ட்ரைவ் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ போய் விழலாம். கீறல் இருந்தாலும் பல ட்ரைவ்கள் சத்தம் போடாமல் பூசி மெழுகிக் கொடுத்துவிடும். சிடிபேரனோயா ஒரே பகுதியை ஒன்றன் மேல் ஒன்று படியும்படி படித்து, ஒட்டிப் பார்த்துச் சேர்ப்பது இதனால்தான். அது ஓடும்போது திரையில் சிரிப்பு முகங்கள் வரும். சிரிக்கும்வரை கவலை இல்லை. முகம் கோணிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றால், தட்டை எடுத்து நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழும் கீறல் டிராக்கின் போக்கிலேயே நீளமாகப் போகும், அதைப் பிழைதிருத்தத்தால் ஈடுகட்டுவது கடினம்.

படித்த பிறகு எழுதும்போது ஒரு தேர்வு வரும்: டிராக்-அட்-ஒன்ஸா, டிஸ்க்-அட்-ஒன்ஸா. முதல் முறையில் ஒவ்வொரு பாட்டுக்கும் லேசர் நின்று நின்று எழுதும், நடுவே இரண்டு நொடி இடைவெளி விழும். தனித்தனிப் பாட்டுகள் என்றால் யாருக்கும் தெரியாது. ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்கு இடைவெளியில்லாமல் போகும் கச்சேரிப் பதிவிலோ, கைதட்டலோடு அடுத்த பாட்டு தொடங்கும் மேடைப் பதிவிலோ அந்த இரண்டு நொடி மௌனம் பல்லில் சிக்கிய கல் மாதிரி உறுத்தும். நகல் என்றால் எப்போதும், முழுத் தட்டையும் நிற்காமல் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ்தான். இதற்கு சிடிஆர்டிஏஓ நல்ல தேர்வு. முழுத் தட்டையும் ஒரு பின் கோப்பாகவும், பாட்டு எங்கெங்கே தொடங்குகிறது என்ற விவரத்தை ஒரு டிஓசி கோப்பாகவும் எடுத்துக்கொண்டு, அப்படியே திருப்பி எழுதும். ஐஎஸ்ஓ என்பது கோப்பு அமைப்பு உள்ள சிடிக்கு மட்டும் என்பதை மனதில் வையுங்கள்.

எம்பி3-யிலிருந்து பாட்டு சிடி போடுவதும் ஆடியோ மெனுவில்தான். நிரல் அவற்றை விரித்து வேவ் ஆக்கி எழுதும். எம்பி3-களை டேட்டா மெனு வழியாக எழுதினால் நூற்றுக்கும் மேல் பாட்டு அடங்கும், ஆனால் பழைய சிடி பிளேயர் அதைப் பாடாது. எந்தக் கருவியில் போடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

பாட்டும் கோப்பும் கலந்த சிடி ஏதாவது உங்கள் குவியலில் இருக்கலாம். அவற்றில் பாட்டுகள் முதல் செஷனிலும் (ஒரு தடவையில் எழுதி மூடிய பகுதி) கோப்புகள் இரண்டாவதிலும் இருப்பது வழக்கம். சிடிஆர்டிஏஓவிடம் தனியாகச் சொல்லாவிட்டால் முதல் செஷனை மட்டும்தான் படிக்கும். பாட்டு மட்டும் போதும் என்றால் அது உங்களுக்கு வசதிதான்.

மல்டிசெஷன் மெனுவை, நகலெடுப்பதற்காக வந்த நீங்கள் தொடவே வேண்டாம். ஒரே சிடியில் அவ்வப்போது கோப்புகளைச் சேர்ப்பதற்கு அது. முதல் செஷனை மூட 20 எம்பிக்கு மேல் போகும், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று எம்பி போல. பழைய செஷனோடு இணைக்காமல் புதியதை எழுதினால் பழைய கோப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். தட்டில் அவை இருக்கும்தான், எடுக்கத்தான் சிரமம்.

டேட்டா மெனுவில் சொந்தக் கோப்புகளை எழுதும்போது ஜோலியட், ராக் ரிட்ஜ் என்று இரண்டு கேட்டால் இரண்டுக்கும் ஆம் சொல்லுங்கள். வெறும் ஐஎஸ்ஓ 9660 முறையில் நீளமான கோப்புப் பெயர்கள் வெட்டுப்படும். தமிழ்ப் பெயர்கள் தப்பிப்பதும் இவற்றால்தான். முதலாவது விண்டோஸுக்கு, இரண்டாவது லினக்ஸுக்கு.

கீறல் விழுந்த கோப்பு சிடியை மெனு நிரல் படிக்க முடியாமல் நின்றுவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெளியே வந்து டிடிரெஸ்க்யூ நிரலை, பிளாக் அளவு 2,048 என்று கொடுத்து ஓட்டுங்கள். படிக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு மேப் கோப்பில் குறித்துவைக்கும். பிறகு நண்பரிடம் வேறு ட்ரைவ் வாங்கிப் போட்டு, அதே மேப் கோப்போடு விட்ட இடங்களை மட்டும் மறுபடி முயலலாம். ஒரு ட்ரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று சாதாரணமாகப் படிப்பது உண்டு.

முதல் முயற்சிக்கு, அழித்து அழித்து எழுதக்கூடிய ஒரு ஆர்டபிள்யூ தட்டை வைத்துக்கொள்ளுங்கள். மெனுவில் அழிக்கும் வரி இருக்கும், அதில் வேகமாக அழிப்பதே போதும். அது பொருளடக்கத்தை மட்டும் அழித்துவிட்டு ஒரு நிமிடம் போல நேரத்தில் முடிந்துவிடும். முழுதாக அழிப்பது தட்டு முழுக்க ஓடும், உள்ளே இருந்ததை யாரும் எடுக்கக் கூடாது என்றால் மட்டும் தேவை. ஆர்டபிள்யூவில் போட்ட பாட்டைச் சில பழைய பிளேயர்கள் ஏற்காது, ஏனென்றால் அந்தத் தட்டு ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். அதனால் ஆடியோ சோதனையைக் கணினியிலேயே கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசி நகலை, ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய ஆர் தட்டில் எழுதுங்கள்.