மேலதிகாரி முன் நா ஏன் வறள்கிறது?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். என் நேரடி மேலாளரிடம் தயக்கமின்றிப் பேசுவேன். ஆனால் அடுத்த வாரம் எங்கள் நிதித் தலைவர் பிரிவில் உள்ளவர்களைத் தனித்தனியே அழைத்து அரை மணி நேரம் பேசவிருக்கிறார். சென்ற முறை நா வறண்டு, கேட்டதற்கெல்லாம் ‘ஆமாம் சார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இப்போதே தூக்கம் கெடுகிறது. இந்தப் பதற்றத்தைப் போக்க வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பதற்றத்தை முழுவதும் போக்கிய பிறகுதான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் அதற்கும் பங்குண்டு. நம்மை எடைபோடும் அதிகாரம் உள்ள ஒருவர் எதிரே அமரும்போது, உடல் அதை ஆபத்தாகவே கருதி அட்ரினலினைச் சுரக்கிறது. நெஞ்சு படபடப்பதும் நா வறள்வதும் அதனோடு சேர்ந்து வருபவையே தவிர, உங்களுக்குத் திறமை போதாது என்பதற்கான சான்றுகள் அல்ல.

அந்தப் படபடப்பை அதட்டி அடக்க முயல்வதில் பெரிய பயன் இல்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களே நன்றாகப் பேசினார்கள். உற்சாகத்திலும் நெஞ்சு வேகமாகத்தான் துடிக்கிறது என்பதால், உடலுக்கு அந்த மாற்றம் எளிது. நம் நடுக்கம் எதிரில் இருப்பவருக்கு அப்பட்டமாகத் தெரிகிறது என்று நாம் நினைப்பதும் பெரும்பாலும் மிகைதான். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் ஆகிய உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்துகொண்டு பேசியவர்களின் பேச்சு மற்றவர்களுடையதைவிடச் சிறப்பாக இருந்தது.

ஆனால், உங்கள் சிக்கலின் வேர் வேறிடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன் என்று வாய்மொழித் தேர்வுக்குச் செல்பவரைப் போல நீங்கள் சென்றிருக்கிறீர்கள். சொல்வதற்கென்று கையில் எதுவும் இல்லாதபோது ‘ஆமாம் சார்’ என்பதைத் தவிர வாயில் வேறென்ன வரும்? உயர்பொறுப்பில் இருப்பவருக்கு வந்து சேரும் செய்திகளெல்லாம் பல கைகள் மாறி, கூர் மழுங்கியே வருகின்றன. அன்றாட வேலை எங்கே சிக்குகிறது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள்தான்.

ஆகவே அவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றையும், அவரிடம் நீங்கள் கேட்க விரும்பும் ஒன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ‘வேலை எப்படிப் போகிறது?’ என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும். ‘நன்றாகப் போகிறது சார்’ என்று நிறுத்திவிடாமல், ‘மாதக் கணக்கை முடிப்பதில் ஒரு தடை இருக்கிறது சார், சில பிரிவுகளின் பில்கள் கடைசி நாளில்தான் வருவதால் சரிபார்க்க நேரம் கிடைப்பதில்லை’ என்று தொடருங்கள். இத்தகைய முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும். அரை மணி நேரப் பேச்சையும் மனப்பாடம் செய்தால், ஒரு சொல் நழுவியதும் எல்லாம் அறுந்துவிடும். குறிப்பேட்டில் நான்கைந்து சொற்களை எழுதி எடுத்துச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விவரம் தெரியாத கேள்வி வந்தால், ‘அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு மாலைக்குள் அனுப்புகிறேன்’ என்று சொல்லலாம். உத்தேசமாக ஒரு தொகையைச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

உள்ளே போவதற்கு முன் சற்று நீர் அருந்தி, மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளுமாறு சில முறை சுவாசியுங்கள். இதயத் துடிப்பு ஓரளவு தணியும். நண்பர் கொடுத்தார் என்று படபடப்பைக் குறைக்கும் மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். அவற்றில் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானவை.

இன்னொன்று: பில் தாமதத்தைப் பற்றிப் பேசப்போவதை உங்கள் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவரைத் தாண்டிப் புகார் செய்ததாக ஆகிவிடக் கூடாது. தவிர, நிதித் தலைவர் எதைக் கூர்ந்து கேட்பார், எதில் பொறுமை இழப்பார் என்பதும் அவருக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்.