30 அடி ரோடு, கீழே கடை, மேலே வீடு: எவ்வளவு இடம் விட வேண்டும்?

கேள்வி: சென்னைப் புறநகரில் 30×40 மனை வாங்கியிருக்கிறேன். முன்னால் 30 அடி ரோடு. கீழே ஒரு கடை, மேலே வீடு கட்ட ஆசை. சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும்? கடை போர்டுக்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டுமா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகுதான் வரும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். கோடு மட்டும்தான் போட்டிருக்கிறது என்றால் நல்லது, அழித்துக்கொள்ளலாம்.

எத்தனை அடி விடுவது என்பதை அப்புறம் பார்ப்போம். அந்த மனையில் கடை வரலாமா என்பதுதான் முதலில். சென்னைக்கு 2008 முதல் நடைமுறையில் இருக்கும் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிலப் பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று. கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றும் இருந்தால் சி.எம்.டி.ஏ.விடம் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கலப்புக் குடியிருப்பு என்றால் சிக்கல் குறைவு. முதன்மைக் குடியிருப்பு என்றால் அன்றாடத் தேவைக்கான சிறு கடைகள்தான், அதுவும் பரப்பளவு வரம்போடு. விவசாயம் என்று வந்தால் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 32-ஆம் பிரிவின்கீழ் வகைமாற்றம் கேட்க வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. "பக்கத்து வீட்டில் கடை இருக்கிறதே" என்பது பதில் ஆகாது. அவர் உட்பிரிவு வேறாக இருக்கலாம், அல்லது அவருக்கு இன்னும் நோட்டீஸ் வராமல் இருக்கலாம்.

இப்போது அடிக்கணக்கு. உங்களுக்குப் பொருந்துவது 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதில் எல்லாமே மீட்டர். முன்பக்க செட்பேக் (கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே காலியாக விடும் இடம்), ரோட்டின் அகலத்தைப் பார்த்து 1.5 மீட்டரில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். 30.5 மீட்டருக்கு மேல் அகலமான ரோடு என்றால் 6 மீட்டர் விட வேண்டும். பக்கவாட்டும் பின்பக்கமும் கட்டட உயரத்தையும் மனை அகலத்தையும் பொறுத்தவை. நீங்கள் சொல்லும் 30 அடி என்பது 9.14 மீட்டர். லேஅவுட் விற்றவர் 30 என்று சொல்லியிருப்பார், டேப் வைத்தால் 27 வரும், சில இடங்களில் 31 வரும். ஒரு படி தள்ளி விழுந்தால் கூடுதலாக 1.5 மீட்டர், கிட்டத்தட்ட 5 அடி. பக்கவாட்டில் இருபுறமும் 1.5 மீட்டர் விட்ட 30 அடி அகல மனையில் அது மாடிக்கு ஏறக்குறைய 99 சதுர அடி இழப்பு. அதனால் லேஅவுட் வரைபடத்தில் போட்டிருக்கும் அகலம், எஃப்.எம்.பி.யில் (சர்வே துறையின் புல வரைபடம்) இருக்கும் அகலம், தரையில் அளந்த அகலம் மூன்றையும் மீட்டரில் எழுதி இன்ஜினியரிடம் கொடுங்கள். அந்த ரோட்டுக்கு அகலப்படுத்தும் திட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் செட்பேக் இன்றைய ரோட்டு ஓரத்திலிருந்து எண்ணப்படாது, அகலப்படுத்திய பிறகு வரப்போகும் ஓரத்திலிருந்துதான்.

மனை அளவுக்கும் இதே கதை. பத்திரம் 1,200 சதுர அடி சொல்லும், பட்டா 1,170 காட்டும், காம்பவுண்டுக்குள் 1,150தான் நிற்கும். நடைமுறையில் எது குறைவோ அதை வைத்துத்தான் பிளான் போட வேண்டியிருக்கும்.

"எஃப்.எஸ்.ஐ. 2.0 தருகிறார்களே, 1,200-க்கு 2,400 சதுர அடி கட்டலாம்" என்று தரகர் சொல்லியிருப்பார். எஃப்.எஸ்.ஐ. என்பது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. காகிதத்தில் சரி. உதாரணத்துக்கு நாலு பக்கமும் 1.5 மீட்டர் விட்டதாகப் போட்டுப் பாருங்கள்: 9.14×12.19 மீட்டரில் மிச்சம் 6.14×9.19, அதாவது சுமார் 607 சதுர அடி. தரையும் முதல் மாடியும் சேர்த்து 1,214. முன்பக்கம் 3 மீட்டர் ஆனால் மாடிக்கு 508தான். சின்ன மனையில் எஃப்.எஸ்.ஐ. உங்களைத் தடுக்காது, செட்பேக்தான் தடுக்கும். வண்டி நிறுத்த இடமும் இதற்குள்ளேதான் காட்ட வேண்டும்.

விட்ட இடத்தில் என்ன வரலாம்? 60 சென்டிமீட்டர் சன்ஷேடு, 2 மீட்டர் உயரம் வரை காம்பவுண்டு சுவர், பூமிக்குள் போகும் செப்டிக் டேங்க், மழைநீர்க் குழி. வரக்கூடாதவைதான் நம் ஊரில் அதிகம்: பின்பக்கம் கழிவறை, முன்பக்கம் தகர ஷெட் போட்டு ஷட்டரை ரோட்டு ஓரம் வரை தள்ளுவது. ஆய்வுக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவது அந்தத் தகர ஷெட்தான்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை (உரிமையாளரே சான்று சொல்லிக் கட்டட அனுமதி வாங்குவது) பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரையும் ஒரு மாடியும். அளவில் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். ஆனால் அது குடியிருப்புக்கு மட்டும். வீடு என்று அதில் அனுமதி எடுத்துவிட்டுக் கீழே ஷட்டர் வைப்பது இன்று பரவலாக நடக்கிறது. அது பயன்பாட்டு மீறல். அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் நோட்டீஸ், பூட்டி சீல் வரை போகலாம். மின் இணைப்பும் அப்படியே: கடைக்கு வணிகக் கட்டணத்தில் தனி மீட்டர் வேண்டும். "பிறகு ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்தச் சட்டத்தின் 113-சி பிரிவு 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்குத்தான் என்று சொல்லுங்கள். 2017-இல் வந்த மனை வரன்முறைத் திட்டம் 20.10.2016 வரை பதிவான மனைகளுக்கானது. அது மனையைத்தான் சரிசெய்யும், கட்டடத்தைச் சரிசெய்யாது.

இதைப் படித்துவிட்டு "எங்க தெருவில் ஒருத்தரும் விடலை, ஒண்ணும் ஆகலை" என்று எழுதப்போகிறவர்களுக்கு: தெரியும். நான் சொல்வது விதி. விதிப்படி நிற்கிற கட்டடத்துக்குத்தான் பேங்க் லோனும் மறுவிற்பனையும் தகராறில்லாமல் நடக்கும்.

முன்பக்கம் விடும் இடத்தில்தான் உங்கள் சாய்தளமும் படியும் வர வேண்டும், ரோட்டில் அல்ல. இதில் எனக்கு ஒரு தீராத எரிச்சல். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டு ரோட்டை உயர்த்திவிடுகிறார்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரே உத்தரவிட்டார். அதற்குப் பிறகும் ரோடு ஏறுகிறது, ஒழுங்காகக் கட்டியவன் வாசல் பள்ளமாகி மழைத் தண்ணீர் கடைக்குள் வருகிறது. அப்புறம் அவனும் ரோட்டில் சிமென்ட் சரிவு போடுகிறான், அவன் மேல் ஆக்கிரமிப்பு நோட்டீஸ்.

சரி, போர்டு. உங்கள் கடைப் பெயரை உங்கள் சுவரில் ஒட்டினாற்போல் வைப்பது பெயர்ப்பலகை. மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் கட்டி நிறுத்தினாலோ, அடுத்தவர் பொருளுக்கு இடம் விட்டாலோ அது விளம்பரப் பலகை. அதை மாநகராட்சி உரிமமும் கட்டமைப்பு உறுதிச் சான்றும் இல்லாமல் வைக்காதீர்கள். குளிர்பானக் கம்பெனி இலவசமாகத் தரும் போர்டில் உங்கள் பெயர் ஒரு மூலையிலும் பாட்டில் மீதி இடத்திலும் இருந்தால், அதையும் விளம்பரமாகவே பார்ப்பார்கள். பலகையின் எந்த முனையும் மனை எல்லையைத் தாண்டக் கூடாது. எழுத்தில் தமிழ் முதலிலும் பெரிதாகவும்: தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2. திறப்பு விழா பேனருக்குத் தனி அனுமதி. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்ததற்குப் பிறகு இதில் யாரும் விளையாட வேண்டாம்.

மாட்டும்போது மின்கம்பியைப் பாருங்கள். 11 கிலோவோல்ட் வரை பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி, கம்பி மேலே போனால் சாதாரண லைனுக்கு 2.5, 11 கிலோவோல்ட்டுக்கு 3.7 மீட்டர். ஏணியும் அதன்மேல் நிற்கும் ஆளும் இந்த அளவுக்குள் போகக் கூடாது. எல்.இ.டி. போர்டு என்றால் தனி எம்.சி.பி.யும் (மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) எர்த்தும் கேளுங்கள். போல்ட்டைக் கைப்பிடிச் சுவர்ச் செங்கல்லில் அடிக்க விடாதீர்கள், காற்றுக்குப் பிடுங்கிக்கொள்ளும். லிண்டல் அல்லது ஸ்லாப் விளிம்புக் கான்கிரீட்டில் இறக்கச் சொல்லுங்கள்.