32ஆவது வாரத்தில் மனைவிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, வலி இல்லை. குழந்தையை உடனே எடுக்காமல் டாக்டர்கள் காத்திருக்கிறார்கள். மூச்சுத்திணறல் வந்துவிடாதா?

தம்பி, நெடுங்கண்டத்திலிருந்து தேனிக்கு வந்து அட்மிட் ஆகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊசி போட ஆரம்பித்து, குழந்தையின் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அவர்கள் காத்திருப்பதே வைத்தியம்தான். "சீக்கிரம் கிழிச்சு எடுக்கச் சொல்லு" என்று வார்டு வாசலில் நிற்கும் சொந்தக்காரர்களை முதலில் டீக்கடைக்கு அனுப்புங்கள்.

எனக்கும் 32ஆவது வாரம்தான். கேரளாவில், வண்டிப்பெரியாரில் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தோம். வலி ஒன்றுமில்லை, ராத்திரி பாய் நனைந்தது, அவ்வளவுதான். "மூத்திரமா இருக்கும், படு" என்றார் மாமியார். நான் படுக்கவில்லை. அம்மா வீடு கம்பத்தில் என்பதால் குமுளி வழியாக மலை இறங்கினோம். (கேரள ஆஸ்பத்திரி மட்டமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கோட்டயம் தூரம், அம்மா பக்கம்.) ஏறிய ஆம்புலன்ஸ் எல்லை தாண்டாது என்று செக்போஸ்ட்டிலேயே இறக்கிவிட்டார்கள். நனைந்த சேலையோடு நடுரோட்டில் நின்று வண்டி மாறியதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கைவிட்டுப் பார்க்கவில்லை, கருவி வைத்துத்தான் பார்த்தார்கள். தண்ணீர் போன பிறகு அடிக்கடி கைவிட்டால் கிருமி மேலே ஏறுமாம். ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் டெக்ஸாமெத்தசோன், 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. ஊசி தாய்க்கு, வேலை குழந்தையின் நுரையீரலில். நனைந்த பாலிதீன் பை உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாதில்லையா, குறைமாதக் குழந்தையின் காற்றறைகளும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள். அது போதுமான அளவு ஊற எப்படியும் 34, 35 வாரம் ஆகும். ஊசி அதை முடுக்கிவிடுகிறது. முதல் ஊசிக்குப் பிறகு 24 மணி நேரமாவது கிடைத்தால்தான் முழுப் பலன். உங்கள் டாக்டர் காத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காய்ச்சல், நாற்றம், பச்சை நிறத்தில் நீர், வயிற்றைத் தொட்டால் வலி, துடிப்பில் மாற்றம் என்று ஏதாவது வந்தால் அவர்களே காத்திருக்க மாட்டார்கள்.

மூச்சுத்திணறல் வராது என்று நான் சத்தியம் செய்யவில்லை. என் பையனுக்கு வந்தது. பிறந்ததும் நன்றாக அழுதவன், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் முனக ஆரம்பித்தான். "பாலுக்கு முனகுறான்" என்றது அம்மா. பாலுக்கு இல்லை. உள்ளே போன காற்று முழுதும் வெளியேறி நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்கப் பிள்ளை தொண்டையை இறுக்கிக்கொள்ளும் சத்தம் அது. விலாவுக்குக் கீழே குழி விழுந்தது, மூக்கு விரிந்தது. காற்றறைகள் ஒட்டிவிடாமல் காற்றை விடாது அழுத்திக் கொடுக்கும் சிபாப் கருவியை வைத்தார்கள். மூக்கில் சின்னக் குழாய், மறுமுனை தண்ணீர் பாட்டிலில் குமிழ்விட்டபடி இருக்கும். அப்புறம் மூச்சுக்குழாய் வழியாகச் சர்ஃபாக்டன்ட் மருந்தும் கொடுத்தார்கள். அந்த மருந்தைப் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டு நுரையீரலிலிருந்து எடுக்கிறார்கள். மாமியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963இல் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே மூச்சுக் கோளாறால் இரண்டு நாள்கூட இருக்கவில்லை. அன்றைக்கு சிபாப்பும் இல்லை, இந்த மருந்தும் இல்லை. தாய்க்கு ஊசி போட்டால் பலன் உண்டு என்று நியூசிலாந்து டாக்டர்கள் லிகின்ஸும் ஹோவியும் காட்டியது 1972இல்தான்.

நான் டாக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். 22, 23 வாரத்தில் நீர் போனவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. நுரையீரல் வளர்வதற்கே அந்த நீர் வேண்டும், அங்கே கதை வேறு. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே சிபாப்பும் சர்ஃபாக்டன்ட்டும் இருக்கிறதா? இல்லையென்றால், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட அது நல்லது.

பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும்போது முகவரியை இரண்டு தடவை படித்துப் பாருங்கள். எங்களுக்கு எஸ்டேட் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள். பையனை ஸ்கூலில் சேர்க்கப்போனால் கேரளாக்காரர்கள் தமிழ்நாட்டுக்குப் போ என்றார்கள், தமிழ்நாட்டில் கேரளாவுக்குப் போ என்றார்கள். பிள்ளை பெற்றதைவிட அந்த ஒரு எழுத்தைத் திருத்தியதுதான் எனக்குப் பெரும்பாடு.