வாசகர் கேள்வி பதில்: சுண்டெலிக்குப் பரம்பரையாக வரும் வைரஸ்

கேள்வி: என் மகள் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள், நாள் முழுக்க எலிகளோடுதான் வேலை. போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, "அந்த எலிங்க ஜீன்லயே வைரஸ் இருக்கும்மா, எந்த இடத்துல இருக்குன்னு மேப் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் வயலில் வேலை செய்தவர் ஒருவர் எலிப்பனி காய்ச்சலில் படாத பாடு பட்டதைப் பார்த்தவள் நான். இதுவும் அப்படித்தானா? மகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?
— ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: எலிப்பனியை முதலில் தள்ளி வையுங்கள் அம்மா. அது வைரஸே கிடையாது, லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் காயத்தோடு இறங்கினால் வருவது. மகள் சொன்னது வேறு.

ரெட்ரோவைரஸ் என்று ஒரு வகை உண்டு. செல்லுக்குள் நுழைந்ததும் தன்னை டிஎன்ஏவாகப் படியெடுத்து அந்த உயிரின் குரோமோசோமிலேயே செருகிக்கொள்ளும். எப்போதோ ஒரு காலத்தில் அது கருமுட்டையிலோ விந்தணுவிலோ செருகிக்கொண்டால், பிறக்கும் குட்டியின் எல்லாச் செல்களிலும் இருக்கும், அதன் குட்டிகளுக்கும் போகும். கண் நிறம் போல, பாட்டன் சொத்து போல.

அது இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. நம் பக்கம் பாகம் பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். ஒட்டிக்கிடக்கும் இரண்டு வயலும் பெரும்பாலும் ஒரே பிள்ளைக்குப் போகும், கோபாலபுரத்தில் ஒன்றும் சித்தூரில் ஒன்றும் கிடந்தால் ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிடும். குரோமோசோமிலும் அதே கதைதான். தலைமுறை தலைமுறையாகக் கலப்பு செய்து, வைரஸும் ஏற்கெனவே இடம் தெரிந்த இன்னொரு ஜீனும் எத்தனை குட்டிகளில் சேர்ந்தே வருகின்றன என்று எண்ணினால் வைரஸின் விலாசம் கிடைத்துவிடும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்தில் வாலஸ் ரோ குழுவினர் 1972ல் இப்படித்தான் செய்தார்கள். ஏகேஆர் என்ற வம்சத்துச் சுண்டெலிகளுக்கு வழிவழியாக ரத்தப் புற்றுநோய் வரும். அதற்குக் காரணமான வைரஸ்களில் ஒன்றின் இடத்தை, ஜிபிஐ என்ற நொதியின் ஜீனை அடையாளமாக வைத்துக் கண்டுபிடித்தார்கள். இன்றைய கணக்கில் அது 7வது குரோமோசோம்.

அப்புறம் 1981ல் வந்தது இன்னும் அழகான சங்கதி. டிபிஏ என்று ஒரு பழைய வம்சம், 1909ல் தொடங்கியது, ரோமம் மங்கிய பழுப்பு. எலியின் டிஎன்ஏவை நொதியால் வெட்டி, ஜெல்லில் ஓடவிட்டு நீளவாரியாகப் பிரித்து, வைரஸ் துண்டை அடையாளமாக வைத்துத் தேடினால் வைரஸ் இருக்கும் இடமெல்லாம் கறுப்புப் பட்டையாகத் தெரியும். டிபிஏவைக் கலந்து உண்டாக்கிய வம்சங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, மங்கல் நிறம் இருந்த இடத்திலெல்லாம் ஒரு குறிப்பிட்ட பட்டையும் இருந்தது. மங்கலுக்குக் காரணமே அந்த வைரஸ்தான், நிறமியை ரோமத்துக்குக் கொண்டுபோகும் ஜீனின் நடுவே போய் உட்கார்ந்திருந்தது. லட்சத்தில் ஒன்றைவிட அரிதாக, அதே வம்சத்தில் முழு நிறத்தோடு ஒரு குட்டி பிறக்கும். அதன் டிஎன்ஏவைப் பார்த்தால் வைரஸின் உடம்பு கழன்று போய், ஒரு நுனி மட்டும் மிச்சம் கிடக்கும்.

சரி, மகள் விஷயம். ஏகேஆர், டிபிஏ எலிகளில் சொன்ன இந்த வகை வைரஸ்களுக்கு எலி இனத்தின் செல்களுக்குள்தான் நுழையத் தெரியும். மனித செல்லில் நுழையக்கூடிய வேறு வகையும் சுண்டெலி ஜீன்களில் உண்டு, ஆனால் அதனால் மனிதருக்கு நோய் வந்ததாக நிரூபணம் இல்லை. ஒருமுறை எல்லோரும் பயந்தார்கள். எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸ் 2006ல் புராஸ்டேட் புற்றுநோயிலும் 2009ல் தீராத சோர்வு நோயிலும் இருப்பதாகக் கட்டுரைகள் வந்தன, எத்தனையோ நோயாளிகள் அதை நம்பினார்கள். 2011ல்தான் உண்மை தெரிந்தது. 1990களில் ஒரு மனிதக் கட்டியைச் சுண்டெலியில் வளர்த்தபோது, அந்தச் சுண்டெலியின் ஜீனில் தனித்தனியாக இருந்த இரண்டு பரம்பரை வைரஸ்கள் இணைந்து உருவானதுதான் அது. நோயாளிகளிடமிருந்து வந்ததே இல்லை. எந்த வம்சத்தில் எந்த வைரஸ் இருக்கிறது என்று தேடிப் பார்த்ததால்தான் அதன் பிறப்பிடம் பிடிபட்டது. உங்கள் மகள் போடும் மேப்புக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

அவள் கவனிக்க வேண்டியது எலி ரோமம், மூத்திரத்தால் வரும் அலர்ஜி. தும்மல், மூச்சிரைப்பு என்று ஆரம்பிக்கும். மாஸ்க்கும் கையுறையும் போடுகிறாளா என்று கேளுங்கள்.

கேள்வி: மனிதர்களுக்குள்ளும் இப்படி வைரஸ் உண்டா?
— கல்லூரி மாணவர், நல்லேப்பிள்ளி

பதில்: உண்டு. நம் டிஎன்ஏவில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின் மிச்சம்தான், சுண்டெலிக்கு ஏறக்குறைய 10. பெரும்பாலானவை சிதைந்து செயலற்றுக் கிடப்பவை. ஆனால் நஞ்சுக்கொடி உருவாகத் தேவையான சின்சிடின் என்ற புரதம் இப்படி வந்த வைரஸ் ஜீனிலிருந்து கிடைத்தது. மனிதருக்கும் சுண்டெலிக்கும் அது வெவ்வேறு வைரஸ்களிடமிருந்து வந்திருக்கிறது என்பதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: பையனுக்கு வெள்ளை எலி வாங்கிக் கொடுத்தேன். வெள்ளையாக இருப்பதும் வைரஸாலா?
— வேலந்தாவளம் வாசகர்

பதில்: இல்லை. வெள்ளைச் சுண்டெலியில் டைரோசினேஸ் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ரோமமே இல்லாத எலிகளில் ஒரு வம்சம் வேறு, அதில் வைரஸ் செருகியதுதான் காரணம். எதுவானாலும் பையன் எலியைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவட்டும், கூண்டை நீங்களே சுத்தம் செய்யுங்கள்.